தலைவர் சோடா குடித்த நேரம்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையைக் காதுகளிடம் விட்டுவைத்திருக்கவில்லை. அதற்கென்று ஒரு மன்றம் இருந்தது. பொருநை நவீன இசை விமர்சன மன்றம் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் படித்தவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சு அறிஞர்களை அரைகுறை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, மீதிப் பாதியைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். சினிமாப் பாட்டை விமர்சிக்க ஊரெல்லாம் ஆள் இருந்தது. கர்நாடக இசைக்குச் சபாக்கள் இருந்தன. ஆளில்லாமல் கிடந்தது ராக்கும் பங்க்கும்தான். பெரிய கம்பெனிகளை நம்பாமல், கிடாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு தாங்களே கத்தித் தாங்களே கேசட் போடும் கோபக்கார இளைஞர்களின் இசை அது. அந்தக் கோபத்தை ஒழுங்குபடுத்தவே மன்றம் தொடங்கப்பட்டது.

மன்றம் அதுவரை எத்தனையோ மேனாட்டு ஆல்பங்களை விமர்சித்து, தன் காலாண்டிதழில் வெளியிட்டிருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட மன்றத்தார் கேட்டதில்லை. கேட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்பது தலைவரின் கொள்கை. செயலாளரின் மைத்துனர் ஒருவர் லண்டனில் இருந்தார். அவர் அனுப்பும் பத்திரிகைகளில் ஆல்பங்களின் அட்டைப்படம் வரும். அதைப் பார்த்தே பன்னிரண்டு பக்கம் எழுதுவார்கள்.

இந்த மன்றத்தின் படியில்தான் மேலப்பாளையம் நூகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசட்டும் கையுமாக ஏறினான்.

நூகுவுக்கு மைக்செட் தொழில். கல்யாண வீட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ் அவன் கடை மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது; வேலையில்லாத நேரத்தில் அதை அடித்துப் பழகியிருந்தான். பாளையங்கோட்டை சாலோமி சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவள். விக்கிரமசிங்கபுரம் பரமசிவன் நூல் மில்லில் பதிலித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராத அன்று மட்டும் வேலை, மற்ற நாளெல்லாம் வாசலில் காத்துக்கிடப்பு. அந்தக் காத்துக்கிடப்புதான் அவனைப் பாடவைத்தது. நூகு ஒரு கச்சேரிக்குக் குழாய் கட்டப்போன இடத்தில் இந்த மூவரும் பழக்கமாகி, 'சங்கு' என்று பெயர் வைத்துக்கொண்டு, மில் குடியிருப்பின் காலி அறை ஒன்றில் ஒரே மத்தியானத்தில் ஏழு பாட்டையும் பாடிப் பதிவு செய்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் மில் சங்கு நிஜமாகவே ஊதியது. அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பரமசிவனுக்கு ராகமும் தெரியாது, தாளமும் பாதிதான் தெரியும். ஆனால் 'நிக்காத பஸ்ஸு' என்ற பாட்டில் அவன் அடித்தொண்டையிலிருந்து கத்தும்போது நூகுவுக்கு மயிர்க்கூச்செறியும். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே நல்ல காரியம் இந்தக் கேசட்தான் என்று நூகு மனதார நம்பினான்.

பரமசிவனுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை ஏற்பாடாகிவிட்டது. ஏற்பாடு செய்ததே நூகுவின் மாமாதான். ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு பயணம். போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. போவதற்குள் கேசட் கடைகளுக்கு வந்துவிட வேண்டும் என்று மூவருக்கும் தவிப்பு. ஜங்ஷனில் மொத்தக் கேசட் வியாபாரம் செய்யும் அண்ணாச்சியிடம் நூகு போய்க் கேட்டான்.

"ஒரு பாட்டாவது கேளுங்க அண்ணாச்சி."

"நான் கேட்டு என்னத்துக்குவே? எனக்குப் புடிச்சதை எவன் வாங்குதான்? மன்றத்துல விமர்சனம் வரட்டும். வந்துட்டுன்னா தென்காசியில இருந்து திசையன்விளை வரைக்கும் கடைக்குக் கடை நான் போடுதேன். விமர்சனம் இல்லாத சரக்கை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

அப்படித்தான் நூகு அந்தப் படியேறினான்.

மன்றத்தின் செயலாளர் நடராஜ் ஒரு வங்கி அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் புரட்சிக்காரர். கேசட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல சார். நாங்களே போட்டது."

"சுயேச்சையா? சுயேச்சைக்கு டெபாசிட்டே கிடைக்காதேவே." தன் நகைச்சுவையைத் தானே ரசித்து முடித்தபிறகு கேட்டார், "எந்த ஊர்ல பதிவு செஞ்சது?"

"வி.கே.புரத்துல சார்."

நடராஜின் முகம் சற்று விழுந்தது. "மான்செஸ்டர்னு போட்டா விமர்சகருக்கு வசதியா இருக்கும். பரவாயில்ல. அங்கயும் நூல் மில்லு, இங்கயும் நூல் மில்லு. ஒப்பீட்டுக்கு ஆச்சு. கேசட்டை வச்சிட்டுப் போம்."

"இது ஒண்ணுதான் சார் இருக்கு. என் டெக்கு ரிப்பேரு. அடுத்த வாரம் காப்பி எடுத்துத் தாரேன்."

நடராஜ் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "நகலா? மன்றத்தின் விதி என்ன தெரியுமா? மூலப்படி மட்டுமே விமர்சனத்துக்கு ஏற்கப்படும். நகல் கலை ஆகாது. அப்புறம், மேசையில வச்சது மன்றத்தோடது. அதை எடுத்துட்டுப் போறது எங்க மரபு இல்ல." சொல்லிக்கொண்டே கேசட்டை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

கீழே சைக்கிள் பக்கத்தில் நின்ற சாலோமி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ நூகு, நீ மைக்செட்காரன்தானா? ஒரு காப்பிகூட இல்லாம மூலத்தையா குடுத்துட்டு வாரே?"

"விதியாம்."

"நம்ம தலைவிதி."

முதலில் நடந்தது அறிமுகக் கூட்டம். ஜங்ஷன் லாட்ஜ் ஒன்றின் மாடி அரங்கு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேசை நடுவே ஒரு சிறிய பத்தமடைப் பட்டுப்பாயை விரித்து, அதன்மேல் கேசட்டை வைத்து, கேசட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை பெரிது, கேசட் சிறிது. அதற்குப் பிறகு கேசட்டை யாரும் பார்க்கவில்லை. பாடினவர்கள் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை விமர்சகர்களுக்கு.

மன்றத்தின் முதன்மை விமர்சகர் பிரம்மநாயகி, கல்லூரி விரிவுரையாளர், முதலில் பேசினார். "இந்தக் கேசட்டை நாம் இன்னும் ஒலிக்கவிடவில்லை. அதுவே நம் முதல் வாசிப்பு. இதன் மௌனம் எத்தனை அடர்த்தியானது என்று கவனியுங்கள். முதல் பக்கம், மறுபக்கம் என்ற அதிகாரப் படிநிலையை இந்தப் பிரதி கட்டவிழ்க்கிறது. குறிப்பாக, மறுபக்கம் என்னை உலுக்கிவிட்டது."

"மறுபக்கத்துல ஒண்ணுமே இல்லையேலே" என்று பரமசிவன் நூகுவின் காதில் சொன்னான்.

"சும்மா இரு. நல்லாத்தான சொல்லுதாங்க."

பிறகு தலைவர் எழுந்தார். டாக்டர் ஆவுடைநாயகம். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஆற்றுப்பாசனத்தில் ஏகப்பட்ட வயல் இருந்த குடும்பம். வயல் போய்விட்டது, எதிரே ஆட்கள் கைகட்டி நிற்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் போகவில்லை. அதற்காகவே ஒரு மன்றம் தேவைப்பட்டது.

"ராக் இசையை நான் முப்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்" என்றார் தலைவர். "கேட்பது எளிது. காது உள்ள எவனும் கேட்டுவிடலாம். கேட்காமலே புரிந்துகொள்ளத்தான் பயிற்சி வேண்டும்." பலத்த கைதட்டல். நூகுவும் தட்டினான். படித்தவர்கள் தட்டும்போது தட்டாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்தான்.

நேரம் ஆகிவிட்டதால் கேசட்டைப் போடாமலே நன்றியுரை சொல்லிவிட்டார்கள். அறிமுகக் கூட்டத்துக்குப் பின் வரவேற்புக் கூட்டம் என்று ஒன்று உண்டாம். விமர்சனம் அதற்கும் அப்புறம்தானாம். இந்த இடைவேளையில் ஆனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பரமசிவன் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டான்.

வரவேற்புக் கூட்டத்துக்கு நூகுவும் சாலோமியும் மட்டும் போனார்கள். பரமசிவன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தான். அன்று மன்றம் ஒரு புரட்சி செய்தது. கேசட்டை நிஜமாகவே செட்டில் போட்டார்கள்.

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்த டூ-இன்-ஒன் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடராஜின் சொந்த செட். தலைவர் பேசும் ஒவ்வொரு பேச்சையும் அவர் அதில் பதிவு செய்து வரலாற்று ஆவணமாகப் பாதுகாத்து வந்தார். புதுக் கேசட் வாங்க மாட்டார். வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டின் மேலேயே பதிவார். செட்டோ வயசானது. பழைய பதிவைச் சுத்தமாக அழிக்க அதற்குத் திராணி இல்லை. அதனால் தலைவரின் ஆவணங்கள் எல்லாவற்றிலும் அவர் குரலுக்கு அடியில் மெல்லிசாக விநாயகர் பாட்டோ, மருமகனுக்கு வாங்கிய ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியோ ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டனை அழுத்தினார் நடராஜ். நூகுவின் டிரம்ஸ் அரங்கில் இடித்தது. சாலோமியின் கிடார் ஒரு கீறு கீறியது. தலைவர் கையை உயர்த்தினார். "போதும். அடையாளமாக ஒலித்துவிட்டது." நடராஜ் நிறுத்தினார். தலைவர் பேச எழுந்தார். தலைவர் பேச எழுந்தால் நடராஜின் விரல் என்ன செய்யுமோ அதைச் செய்தது. செட்டுக்குள் எந்தக் கேசட் இருக்கிறது என்று அது யோசிக்கவில்லை. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தியது.

செட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

கடைசி வரிசையிலிருந்து நூகு அதைப் பார்த்தான். ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது: பாட்டின் மேலேயே பேச்சு பதிவாகிறது. எழுந்து நின்றான். "சார்!"

"கேள்விகள் இறுதியில்" என்றார் தலைவர்.

"கேள்வி இல்ல சார். சிவப்பு லைட்டு..."

"சிவப்பு!" என்றார் தலைவர் குரல் உயர்த்தி. "இளைஞர் உணர்ச்சிவசப்படுகிறார். சிவப்பு என்பது என்ன? சிவப்பு என்பது சிவப்பே! அன்றே நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. இன்று மீண்டும் சொல்கிறேன்!" கைதட்டல். வேட்டி கட்டிய தொண்டர்கள் இருவர் நூகுவின் தோளைப் பிடித்து மரியாதையாக அமுக்கி உட்காரவைத்தார்கள். தலைவர் பேச்சின் நடுவில் எழுந்தவர் யாரும் மன்ற வரலாற்றில் இல்லை.

சாலோமி கைகாட்டினாள். தலைவர் பதிலுக்குக் கைகாட்டி அவளை ஆசீர்வதித்தார். மேடையில் கடைசியில் இருந்த நடராஜோ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் ஜங்ஷனில் கரண்டு போகும். அன்று மின்வாரியம் என்றுமில்லாத கடமையுணர்ச்சியோடு இருந்தது. நூகு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பைய நழுவி வெளியே வந்தான். மாடிப்படிக்குக் கீழே பியூஸ் கட்டை இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். பிடுங்கினான்.

மாடியில் விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. மைக் செத்தது. நூகு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு மேலே ஓடினான். அரங்கு முழுக்க மங்கல். மேசையில் மட்டும் அந்தச் சிவப்பு விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. கரண்டு போனால் ஆவணம் கெட்டுவிடும் என்று நடராஜ் அன்றுதான் செட்டுக்குப் புது பேட்டரி போட்டிருந்தார்.

மைக் இல்லை என்றதும் தலைவர் கத்தத் தொடங்கினார். "எதிர்ப்பு! எதிர்ப்பு என்றால் என்ன? எதிர்ப்பது! எதை எதிர்ப்பது? எதிர்க்க வேண்டியதை! யார் எதிர்ப்பது? நான்!" தொண்டை கட்டியது. "சோடா" என்றார். கோலிசோடா வந்தது. இருட்டில் கோலியை உள்ளே தள்ள முடியவில்லை. தொண்டர்கள் இருவர் மாறி மாறி முயன்றார்கள். மன்றத்தில் முதல்முறையாகச் சிறிது நேரம் அமைதி நிலவியது. கடைசியில் 'டொப்' என்று கோலி உள்ளே போனது. தலைவர் நிதானமாகக் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார். டேப் முடிந்து செட் 'டக்'கென்று நிற்கும்வரை பேசினார். அந்த 'டக்'கைத் தன் கருத்துக்குக் கிடைத்த ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து நூகு விஷயத்தைச் சொன்னதும் நடராஜின் முகம் வெளுத்தது. ஆனால் அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். சீக்கிரம் சமாளித்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிராதேவே. தலைவர் மனசு புண்படும்."

"எங்க ஆல்பம் போச்சே சார்."

"ஆல்பத்தை நீங்க இன்னொரு தடவை பாடிக்கிடலாம். தலைவர் இன்னைக்குப் பேசினதை இன்னொரு தடவை பேச முடியுமாவே?"

"போன கூட்டத்துலயும் இதையேதான சார் பேசுனாரு?" என்றாள் சாலோமி.

நடராஜ் அவளைப் பார்க்காமல், கேசட்டோடு செட்டைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் காலையில் பரமசிவனுக்கு ரயில். மறுபடி பாடிப் பதிய நேரமில்லை. ஜங்ஷன் ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்றவன் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். "கேசட்டு வந்ததும் எனக்கு ஒண்ணு அனுப்பி வச்சிரு என்னலே? அங்கன நம்ம சத்தத்தைக் கேக்கதுக்கு வேற என்ன இருக்கு?" நூகு தலையாட்டினான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ரயில் போனபிறகு சாலோமி அழுதாள். நூகுவுக்கு அழுகையும் வரவில்லை. தன்மேலேயே அவனுக்கு அத்தனை கோபம். வாய்விட்டுக் கத்தத் தெரிந்தவன் ரயிலில் போய்விட்டான்.

விமர்சனக் கூட்டம் வந்தது. வழக்கம்போல் கேட்காமலே முடிந்திருக்கும். ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து வரும் எதிரணிப் பத்திரிகை ஒன்று, 'காதில்லாத மன்றம்' என்று தலையங்கம் எழுதிவிட்டது. தலைவர் கொதித்துப் போனார். இந்த ஆல்பத்தை மட்டும் முழுவதும் கேட்டே தீர்ப்பது என்று செயற்குழு தீர்மானம் போட்டது. நடராஜ் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். செட் ரிப்பேர் என்றார். காதுவலி என்றார். இன்னொரு செட்டையும் பெரிய ஒலிபெருக்கியையும் வரவழைத்துவிட்டார்கள்.

டேப் ஓடியது. தொடக்கத்தில் கொஞ்சம் டிரம்ஸ், ஒரு கிடார் கீறல். அதற்குப்பின் ஒரு ஆள் கத்தத் தொடங்கினார். அடியில் எங்கோ தூரத்தில் ஏதோ இடிபட்டது. அந்த ஒலிபெருக்கியில் கரகரத்து, எதிரொலித்து வந்த குரல் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைவர் தன் குரலை உள்ளிருந்தே கேட்டுப் பழகியவர். வெளியிலிருந்து கேட்டதே இல்லை. நடராஜுக்கு மட்டும் தெரிந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சோடா" என்றது குரல். கத்தல் நின்றது. அந்த அமைதிக்குள்ளே, ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், பரமசிவன் பாடினான்.

'நிக்காத பஸ்ஸுக்கு நிதமும் கை காட்டுதோம்,
நின்னு நின்னு எங்க காலு ரோடாப் போச்சுலே...'

சாலோமி நூகுவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போனது என்று நினைத்த பாட்டு அங்கே உயிரோடு இருந்தது. சோடா திறக்கும்வரை இருந்தது. பிறகு 'டொப்' என்று கோலி விழுந்த சத்தம், குடிக்கும் சத்தம், ஒரு ஏப்பம். மறுபடி எதிர்ப்பு என்றால் என்ன என்று அந்த ஆள் தொடங்கிவிட்டார்.

பிரம்மநாயகி முதலில் எழுந்தார். "அந்த 'டொப்' என்ற ஒலி! அதுதான் உடைப்பின் ஒலி. ஒரு நூற்றாண்டின் அதிகாரம் அங்கே உடைகிறது. அதைத் தொடரும் ஏப்பம், நிறைவின் மீதான பகடி." எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் எழுந்தார். முகத்தில் அருவருப்பு. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஆல்பத்தைக் கேட்டுவிட்டு விமர்சிக்கிறார் என்பதால், முதன்முறையாக உண்மையும் வந்தது.

"நண்பர்களே, நான் ஏமாந்துபோனேன். இந்தப் பாடகனுக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. சொன்னதையே சொல்கிறான். எதிர்ப்பு என்றால் எதிர்ப்பது என்கிறான். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததை ஊரே அதிரக் கத்துகிறான். நொடிக்கொரு தரம் நான் நான் என்கிறான். யார் இவன்? இவன் சொல்வதை யாரும் கேட்கவில்லையாம். ஏன் கேட்க வேண்டும்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களை நினைத்து எனக்கு இரக்கம் வருகிறது. நடுவில் ஓர் இடத்தில் இவன் வாயை மூடுகிறான். இந்த ஆல்பத்தில் சகிக்க முடிந்த இடம் அது ஒன்றுதான். இதை நம் மன்றம் முற்றாக நிராகரிக்கிறது."

கைதட்டல் அரங்கை நிறைத்தது. நடராஜ் மட்டும் தட்டவில்லை.

சாலோமி எழுந்தாள். தொண்டர்கள் நெருங்குவதற்குள் சொல்லிவிட்டாள். "சார், பாடுனது நாங்க. அது அடியில கெடக்கு. மேல கத்துனது நீங்க. போன கூட்டத்துல நீங்க பேசுனதை எங்க கேசட்டு மேலயே பதிஞ்சிட்டாங்க."

எல்லார் கண்ணும் தலைவர்மேல். தலைவர் கண் நடராஜ்மேல். நடராஜ் கண் மின்விசிறிமேல். இதோ, இந்த மன்றம் இன்றோடு முடிந்தது, அவமானத்தில் இந்த மனிதர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நூகு நினைத்தான். அவன் வயசு அப்படி. மன்றங்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

தலைவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். மேல்துண்டைச் சரிசெய்தார்.

"ஆக," என்றார், "மேம்போக்காகக் கேட்கும் ஒரு மனிதனுக்கு இந்த ஆல்பம் எப்படித் தோன்றும் என்பதை இதுவரை நடித்துக் காட்டினேன்."

பிரம்மநாயகிதான் முதலில் தட்டினார். அப்புறம் எல்லாரும்.

"இனி என் விமர்சனத்துக்கு வருகிறேன். சொன்னதையே சொல்வது என்பது மில் இயந்திரத்தின் லயம். நான் நான் என்பது தனிமனிதனின் கதறல். அந்தக் குரலில்தான் என்ன ஒரு முதிர்ச்சி! அடியில் ஏதோ இளைஞர்களின் சத்தம் கேட்கிறது. இடையூறுதான். ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். இளைஞர்களை ஊக்குவிப்பது நம் கடமை."

"சார், அது எங்க ஆல்பம்" என்றான் நூகு.

"உங்கள் பங்கை மன்றம் மறைக்காது தம்பி" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "நன்றியுரையில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்."

அடுத்த காலாண்டிதழில் இருபது பக்க விமர்சனம் வந்தது. தமிழின் முதல் பங்க் ஆல்பம் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் டாக்டர் ஆவுடைநாயகம். பாடியவர் டாக்டர் ஆவுடைநாயகம். அண்ணாச்சி சொன்ன சொல் தவறாதவர். விமர்சனம் வந்துவிட்டது, பிரதி போட்டுவிட்டார். அட்டையில் தலைவர் கையை உயர்த்தி நிற்கும் படம். பின்பக்கம் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்படி, 'பின்னணிச் சத்தம்: சங்கு குழுவினர்.' தென்காசியிலிருந்து திசையன்விளைவரை கடைக்குக் கடை போனது. கல்லூரி நூலகங்கள் வாங்கின. யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

நூகு ஒரு பிரதி வாங்கினான். தன் சொந்தப் பாட்டைத் தானே கடையில் வாங்க வேண்டியிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அனுப்புவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தான். அனுப்புகிறேன் என்று தலையாட்டியாகிவிட்டதே என்று கடைசியில், தம்மாம் போகிற ஒரு மேலப்பாளையத்துக்காரரிடம் கொடுத்துவிட்டான். கூட ஒரு வார்த்தை எழுதி வைக்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடையில் உட்கார்ந்திருந்தவனைப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்கள். சவூதியிலிருந்து போன்.

"ஏலே நூகு, கேசட்டு வந்துட்டுலே!"

நூகு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். "பரமா, நான் உங்கிட்ட முன்னயே சொல்லிருக்கணும்..."

"ஆமா, யாருலே அது? கேசட்டு பூரா ஒரு ஆளு கத்திக்கிட்டே கெடக்கான்?"

"மன்றத்துத் தலைவரு."

"மண்ணாங்கட்டி. நாங்க அதெல்லாம் ஓட்டி விட்டுருவோம்ல. நேரா அவரு சோடா கேக்குத எடம்தான். எங்க ரூம்ல ஒரு திசையன்விளைக்காரன், ஒரு கடையநல்லூர்க்காரன், ரெண்டு மலையாளத்தானுவ. வேலை முடிஞ்சு வந்ததும் அதைத்தான் போடுதானுவ. அந்த ஆளு சோடான்னு சொன்னதும் எல்லாவனும் எந்திச்சு நின்னுருவானுவ. நிக்காத பஸ்ஸு! மலையாளத்தானும் சேந்து கத்துதான்லே. சாலோமி கிட்டாரு அங்கன என்னமாக் கேக்கு தெரியுமா? ரீவைண்டு பண்ணிப் பண்ணி பட்டனே தேஞ்சு போச்சு."

பூத்துக்காரர் பார்க்கிறாரே என்று நூகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பரமசிவன் மெல்லக் கேட்டான்.

"ஏன்லே, அந்த ஆளு இன்னொரு சோடா குடிச்சிருக்கப்பிடாதா?"